16 வயது மகன் குடித்துவிட்டு வந்தான், பையில் மாத்திரை அட்டையும் இருந்தது. எப்படிப் பேசுவது?

நீலவானம் எழுதியது:

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதியது கிடையாது. இன்று வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

மகனுக்கு 16 வயது. நேற்று சாயங்காலம் நண்பன் வீட்டுக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவனை, இரவு பதினொரு மணிக்கு மேல் இரண்டு பையன்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அவனால் நிற்கவே முடியவில்லை. வாந்தி எடுத்தான், அப்படியே தூங்கிவிட்டான். உடை மாற்றிவிடும்போது பையில் ஒரு மாத்திரை அட்டை, பாதி காலி. பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். கடுமையான வலிக்கு, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் கொடுக்கிற மாத்திரை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த மருந்து கிடையாது.

என் கணவர் அப்போதே அவனை எழுப்பி அடிக்கப் போனார். நடுவில் நின்று தடுத்தேன். 12 வயது மகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்துவிட்டது, அவன் இன்னும் எழவில்லை. எழுந்ததும் என்ன கேட்பது? இதுதான் முதல் தடவையா என்றுகூட எனக்குத் தெரியாது. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

அக்கா, பேச்சு அப்புறம். முதலில் எழுந்து போய் அவனைப் பாருங்கள். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். மதுவும் அந்த வகை வலி மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு மெதுவாகும். இரண்டுமே மூளையில் மூச்சை இயக்குகிற பகுதியைத்தான் அமுக்குகின்றன. "குறட்டை விட்டுத் தூங்குகிறான், தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளை உலுக்குங்கள். கண் திறந்து பதில் சொல்கிறானா? ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 8க்கும் குறைவாக இருந்தாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ ஆபத்து. உதடு, நகம் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறுவது, தோல் சில்லிட்டுப் பிசுபிசுப்பது, கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். தனியாக விடாதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் மருத்துவமனையில் காட்டுங்கள், மறைக்காதீர்கள். அபின் வகை மருந்து என்று தெரிந்தால் அதை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது. என்ன சாப்பிட்டான் என்று தெரியாமல்தான் நேரம் வீணாகிறது.

தலையில் தண்ணீர் ஊற்றுவது, காபி கொடுப்பது, விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். ஒன்றாலும் போதை இறங்காது. கடைசியாகக் குடித்ததற்குப் பிறகும் வயிற்றில் உள்ளது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், படுக்கும்போது பரவாயில்லாமல் இருந்தவன் ஒரு மணி நேரம் கழித்து மோசமாகலாம். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

நீலவானம் எழுதியது:

பார்த்துவிட்டு வந்தேன். கூப்பிட்டதும் எழுந்தான். தலை வலிக்கிறது என்றான், தண்ணீர் குடித்தான். மூச்சு நிமிடத்துக்கு 14. நிறமெல்லாம் சரியாக இருக்கிறது. "அப்பா கோபமா இருக்காரா?" என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். தங்கைக்கு என் நன்றி.

பொன்வேல் எழுதியது:

நல்லவேளை. இப்போது நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. எனக்கும் வளர்ந்த பையன்கள் இருக்கிறார்கள். உங்கள் கணவரின் கோபம் நியாயமானது. இந்தக் காலத்தில் பேசுங்கள், புரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்கு யாரிடமும் பயமில்லாமல் போய்விட்டது. போனைப் பிடுங்குங்கள். பள்ளிக்கூடம் தவிர வெளியே விடாதீர்கள். போதை மறுவாழ்வு மையத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போய் அங்கே கிடப்பவர்களைக் காட்டுங்கள். வயிறு கலங்கினால் தானாக நிறுத்துவான்.

தளிர்மனம் எழுதியது:

வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசகராகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பொன்வேல் ஐயா, கட்டுப்பாடு வேண்டும் என்பதில் உங்களோடு எனக்கு வேறுபாடில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன். பயமுறுத்துவது மட்டும் பலன் தருவதில்லை. சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு பிள்ளைகளை மிரட்டும் திட்டங்கள் அமெரிக்காவில் பல காலம் நடந்தன. அவற்றைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, அதில் கலந்துகொண்ட பிள்ளைகள் கலந்துகொள்ளாதவர்களைவிட அதிகமாகவே குற்றங்களில் சிக்கியிருந்தார்கள். 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி, சீருடைக் காவலர்கள் வகுப்புக்கு வந்து போதையைப் பற்றிப் பாடம் எடுத்த திட்டமும் அப்படித்தான். நாடு முழுக்கப் பரவியது, ஆனால் பிள்ளைகளின் பழக்கத்தில் பெரிய மாற்றம் எதையும் ஆய்வுகள் காணவில்லை.

நீலவானம், இன்று உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். இனிமேலும் அவன் உங்களிடம் வாய் திறக்க வேண்டும். உண்மை முழுவதையும் இன்றைக்கே கறந்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். 16 வயதுப் பையனை விசாரித்தால் பொய்தான் வரும். அது கெட்ட குணம் இல்லை. அந்த நேரத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

போதையும் தலைவலியும் தெளிந்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு பேசுங்கள். அதற்கு முன் நீங்களும் கணவரும் தனியாக உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள். அம்மா ஒன்று, அப்பா ஒன்று சொன்னால் அந்த இடைவெளியில்தான் பிள்ளை நழுவுவான். எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வேண்டியதில்லை. நடந்துகொண்டோ, வண்டியில் போய்க்கொண்டோ, முகத்தைப் பார்க்காமல் பேசுவது இந்த வயதில் பலருக்குச் சுலபம்.

முதல் வாக்கியம் உங்கள் பயத்தைச் சொல்லட்டும். "நேத்து நீ வந்த நிலைமையைப் பார்த்து ரொம்பப் பயந்துட்டேன். நீ நல்லா இருக்கறதுதான் எனக்கு முக்கியம். என்ன நடந்துச்சுன்னு சொல்லு, நான் கேட்கறேன்." சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த மௌனம் தாங்க முடியாததாக இருக்கும், நிரப்பிவிடாதீர்கள். "ஏன் இப்படிச் செய்தாய்" என்ற கேள்வி வேண்டாம். பெரும்பாலும் அவனுக்கே பதில் தெரியாது, குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். "எப்படி ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், குடித்ததும் எப்படி இருந்தது, அதில் உனக்கு என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை" என்று கேளுங்கள். பிடித்ததைக் கேட்கச் சொல்வது விநோதமாகத் தோன்றலாம். அதில்தான் விஷயமே இருக்கிறது. கூச்சம் போகிறது என்பான் ஒருவன், தூக்கம் வருகிறது என்பான் இன்னொருவன், கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பான் மூன்றாமவன். மூவருக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்து வளர்ந்த ஆலோசனை முறைக்கு அடிப்படையே இதுதான். மாற வேண்டிய காரணத்தை நாம் அடுக்கினால் எதிராளி எதிர்வாதம் செய்வான், அவன் வாயிலிருந்தே வந்தால் அதற்கு வலு அதிகம்.

யார் கொடுத்தது என்று பெயர் கேட்டு இன்று மல்லுக்கு நிற்காதீர்கள். நண்பனைக் காட்டிக்கொடுக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்வான், அதோடு பேச்சு முடிந்துவிடும். மாத்திரை எத்தனை, எத்தனை நாளாக, வேறு எதனுடன் சேர்த்து என்பது மட்டும் உயிர் சம்பந்தப்பட்டது. அதைக் கட்டாயம் கேளுங்கள். அப்புறம், "குடிகாரன்", "குடும்ப மானத்தை வாங்கிட்டே" போன்ற வார்த்தைகள் வேண்டவே வேண்டாம். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது.

மீண்டவன் எழுதியது:

எனக்கு இப்போது 24. பதினான்கு வயதில் ஆரம்பித்தேன். முதலில் பியர், பிறகு கஞ்சா, கடைசியில் மாத்திரை. இப்போது எதுவும் இல்லை. பிள்ளை பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பெரியவர்கள் நினைப்பது போல எனக்கு நண்பர்களின் வற்புறுத்தல் எதுவும் இல்லை. ராத்திரி தூக்கம் வராது. படுத்தால் தேர்வு, மார்க், எதிர்காலம் என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். மாத்திரை போட்டால் அது நின்றுவிடும். எனக்கு இருந்தது பதற்ற நோய் என்று ரொம்பக் காலம் கழித்து ஒரு மருத்துவர் சொல்லித்தான் தெரியும். அதனால்தான் தளிர்மனம் சொன்ன "அதில் உனக்கு என்ன பிடித்தது" என்ற கேள்வியைப் படித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அழுதே இருப்பேன்.

எங்கள் அப்பா அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் மட்டும் சொன்னார்: "எந்த நேரமா இருந்தாலும், எந்த நிலைமையில இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு. வந்து கூட்டிட்டுப் போறேன். அன்னிக்கு ராத்திரி ஒரு கேள்வி கேட்கமாட்டேன். காலையில பேசுவோம்." கொஞ்ச நாள் கழித்து ஒரு இரவு வண்டி ஓட்ட வேண்டியவன் போதையில் இருந்தபோது நான் உண்மையிலேயே கூப்பிட்டேன். வந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் பேசினார், அதுவும் சொன்னபடி. அவர் வாக்கைக் காப்பாற்றினார் என்பதால்தான் பிறகு மாத்திரை விஷயத்தை அவரிடம் சொல்ல முடிந்தது.

பொன்வேல் சார், அப்பா மென்மையானவர் என்று நினைக்க வேண்டாம். ஒன்பது மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும், எங்கே போகிறேன் யாரோடு போகிறேன் என்று சொல்ல வேண்டும், கையில் காசு கிடையாது. இதை ஒரு நாளும் தளர்த்தியதில்லை. அப்போது வெறுப்பாக இருந்தது. ஆனால் "எங்க அப்பா விடமாட்டார்டா" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டுக் கிளம்ப முடிந்தது. நானாக வேண்டாம் என்று சொல்ல அப்போது எனக்குத் தெம்பு இல்லை.

பொன்வேல் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பாவுக்கு வணக்கம். நான் சொல்ல வந்த கண்டிப்பும் அதுதான்.

திறந்தகதவு எழுதியது:

நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். எப்படியும் குடிக்கத்தான் போகிறார்கள். எங்கோ ஒளிந்து கண்டதைக் குடிப்பதைவிட, வீட்டிலேயே எங்கள் கண் முன்னால் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் அளவோடு இருக்கக் கற்றுக்கொள்வார்கள் இல்லையா? தடுத்தால்தானே ஆசை அதிகமாகும்?

தளிர்மனம் எழுதியது:

நல்ல எண்ணத்தில் கேட்கிறீர்கள், பல பெற்றோர் இதை நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1,900க்கு மேற்பட்ட பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றோர் கையால் மது கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அப்படிக் கிடைத்த பிள்ளைகள் பிறகு வெளியிலிருந்தும் வாங்கிக் குடிப்பதும், மொத்தமாக அதிகம் குடிப்பதும்தான் கூடியது. வீட்டில் கிடைத்தது அனுமதியாகிறது, வெளியே கிடைப்பதை அது நிறுத்துவதில்லை.

வயதும் முக்கியம். 1997இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் பிற்காலத்தில் மதுவுக்கு அடிமையானவர்களின் விகிதம், 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. சீக்கிரம் தொடங்குவது மட்டுமே காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, குடும்பச் சூழலும் பரம்பரையும் சேர்ந்திருக்கும். ஆனால் யோசித்து நிறுத்துகிற, விளைவை எடைபோடுகிற மூளையின் முன்பகுதி முதிர்ந்து முடிய 25 வயது வாக்கில் ஆகிறது, இன்பத்தைத் தேடுகிற பகுதி அதற்கு வெகு முன்னாலேயே விழித்துக்கொள்கிறது. அந்த இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு வருடம் தள்ளிப்போவதும் லாபம்தான்.

கட்டுப்பாட்டைப் பற்றி வருகிறேன் என்று சொன்னேன். ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். பயம் காட்டிச் சாதித்தது அல்ல அது. பிள்ளைகள் இரவில் எத்தனை மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது, பெற்றோர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி ஒரே விதிகளை எல்லா வீட்டிலும் வைத்தார்கள், விளையாட்டுக்கும் இசைக்கும் அரசுப் பணம் போனது, பெற்றோர் பிள்ளைகளோடு அதிக நேரம் செலவழித்தார்கள். விதியும் வேண்டும், கூடவே இருப்பதும் வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை செய்யாது என்பது என் அனுபவமும்கூட.

வீட்டு விதிகள் குறைவாக இருக்கட்டும், முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கட்டும். மீறினால் என்ன நடக்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது சின்னதாக, உடனடியாக, நிச்சயமாக நடக்க வேண்டும். "ஆறு மாசம் போன் கிடையாது" என்று கோபத்தில் சொன்னதை யாராலும் நடத்த முடியாது. ஒரு வாரத்தில் நீங்களே திருப்பிக் கொடுப்பீர்கள், அப்புறம் உங்கள் வார்த்தைக்கு மதிப்பில்லை. இந்த வாரக் கடைசியில் வெளியே போக முடியாது என்பது போதும், அதை அப்படியே நடத்திக் காட்டுங்கள்.

தாமரை எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று கேட்கிறேன். என் கணவரே தினமும் குடிக்கிறார். 15 வயது மகன் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறான். அவனிடம் நான் எந்த முகத்தோடு குடிக்காதே என்று சொல்வது? "அப்பாவை முதல்ல கேளு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டான்.

தளிர்மனம் எழுதியது:

சகோதரி, அவன் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். "ஆமாம், இந்த வீட்டில் அது நடக்கிறது, எனக்கும் வலிக்கிறது" என்று சொல்வதால் உங்கள் மதிப்பு குறையாது. அவன் கண்ணால் பார்ப்பதை இல்லை என்று மறைத்தால்தான் உங்கள் பேச்சை நம்பமாட்டான். அப்பா ஒரு நோயோடு போராடுகிறார், அது குடும்பத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம், அதனால் மற்ற பையன்களைவிட நீ இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இது பழிசொல்வது அல்ல, உடல்நிலை பற்றிய தகவல். சர்க்கரை நோய் உள்ள குடும்பத்தில் சொல்வதில்லையா, அதே போலத்தான். அப்பாவின் குடிக்கு அவன் காரணம் இல்லை, அதை நிறுத்துவதும் அவன் பொறுப்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் பிள்ளைகள் மனதில் அந்தப் பாரம் இருக்கும்.

கணவர் சிகிச்சைக்கு வர மறுத்தால் நீங்கள் மட்டும் ஆலோசகரைப் பார்க்கலாம். குடும்பத்தாருக்கென்றே கிராஃப்ட் என்று ஒரு பயிற்சி முறை இருக்கிறது, ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கியது. குடிக்காத வேளையில் அவரோடு இணக்கமாக இருப்பது, குடித்திருக்கும்போது விலகிக்கொள்வது, குடியால் வரும் விளைவுகளை நாம் மூடி மறைக்காமல் விடுவது, சிகிச்சையைப் பற்றிப் பேசச் சரியான நேரம் பார்ப்பது என்று கற்றுத்தருவார்கள். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த முறையைக் கற்ற குடும்பங்களில் 64 சதவீதம் பேரால் மறுத்துக்கொண்டிருந்தவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவர முடிந்தது. எல்லாரும் கூடி வளைத்துப் பேசும் முறையில் அது 30 சதவீதம்தான். ஆய்வு பெரியவர்களைப் பற்றியது, ஆனால் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதே வழியைச் சொல்லித்தருகிறோம்.

பொன்வேல் எழுதியது:

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை கிடைக்கிறதே, வாங்கி வீட்டிலேயே பார்த்துவிட்டால் பொய் சொல்ல முடியாதே?

இரவுப்பணி எழுதியது:

ஐயா, அந்தப் பட்டை சொல்வதை அப்படியே நம்ப முடியாது. கஞ்சா எப்போதாவது எடுத்தவருக்கு இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும், தினமும் எடுத்தவருக்கு ஒரு மாதம்கூடத் தெரியும். அதனால் "இருக்கிறது" என்று வந்தால் நேற்று எடுத்தானா, மூன்று வாரம் முன்பா என்று சொல்ல முடியாது. சாதாரண சளி, இருமல் மருந்துகள் சில தவறான முடிவைக் காட்டும். முகர்ந்து எடுக்கும் ரசாயனங்களையும் செயற்கைக் கஞ்சா வகைகளையும் பெரும்பாலான பட்டைகள் கண்டுபிடிப்பதே இல்லை. எடுத்தவன் தப்பிக்கலாம், எடுக்காதவன் மாட்டலாம். எடுக்காத பிள்ளையைக் குற்றவாளியாக்கினால் அந்த உறவு திரும்பக் கிடைப்பது கஷ்டம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் பெற்றோர் தாங்களாக வீட்டில் சோதிப்பதை ஊக்குவிப்பதில்லை. தேவைப்பட்டால் மருத்துவர், பிள்ளைக்குத் தெரிந்தே, சம்மதத்தோடு செய்யட்டும்.

சின்னக்கிளி எழுதியது:

என் பையன் 13. புத்தகப் பையில் பிளாஸ்டிக் பை, பசை, அழிக்கிற வெள்ளைத் திரவம். வாயைச் சுற்றிச் சிவந்து புண் மாதிரி இருக்கிறது. பள்ளித் திட்ட வேலைக்கு என்கிறான். நாளைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று இருக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

வேண்டாம், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பசையையோ திரவத்தையோ போதைக்காக முகரும் நேரத்தில் பின்னால் போய் அதட்டுவதோ துரத்துவதோ கூடாது. அந்த ஆவி இதயத்தைத் திடீர் அதிர்ச்சியைத் தாங்காத நிலைக்குக் கொண்டுபோகிறது. பயத்தில் அட்ரினலின் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். முதல் தடவை முகர்ந்த பிள்ளைக்கும் இது நடக்கும். நேரில் பார்த்துவிட்டால் நிதானமாகப் பக்கத்தில் போய், சாதாரணக் குரலில் பேசி, ஜன்னலைத் திறந்து, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். ஓடவிடாதீர்கள். மயங்கினால் உடனே ஆம்புலன்ஸ்.

வாயைச் சுற்றிய புண், துணியில் ரசாயன வாடை, திடீர்த் தலைசுற்றல், பசியின்மை எல்லாம் சேர்ந்து வந்தால் நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். மலிவாக, எளிதாகக் கிடைப்பதால் சின்ன வயதில் தொடங்குவது பெரும்பாலும் இதில்தான். பெற்றோர் பாட்டிலையும் சிகரெட்டையும் தேடிக்கொண்டிருப்பார்கள், இது கண் முன்னாலேயே மேஜையில் இருக்கும்.

சின்னக்கிளி எழுதியது:

கை நடுங்குகிறது. நாளைக் காலை மருத்துவரிடம் போகிறோம்.

நீலவானம் எழுதியது:

சாயங்காலம் பேசினோம். கணவரையும் இங்கே எல்லாவற்றையும் படிக்க வைத்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நான்தான் முதலில் பேசுவேன், நீ அவசரப்படாதே என்று எனக்கே சொன்னார்.

மூவரும் நடக்கப் போனோம். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர், "நேத்து உன்னை அப்படிப் பார்த்ததும் கை காலெல்லாம் ஓடலடா" என்றார். மகன் அழுதான். குடித்தது இதற்கு முன்னும் சில தடவை நடந்திருக்கிறது. மாத்திரை டியூஷனில் ஒரு பையன் கொடுத்தது. தேர்வு நேரத்தில் மனசு லேசாகும் என்று சொல்லியிருக்கிறான். சில வாரங்களாக ஒன்றிரண்டு நாளைக்கு ஒரு முறை போட்டிருக்கிறான். நேற்று முதல் தடவையாக இரண்டையும் சேர்த்திருக்கிறான். பெயரைக் கேட்கவில்லை. "எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்று மீண்டவன் தம்பியின் அப்பா சொன்னதையே சொன்னார். வீட்டு விதியையும் சொன்னோம். முகம் சுருங்கியது, ஆனால் சண்டை போடவில்லை.

இனி என்ன செய்வது? மாத்திரையை இன்றே குப்பையில் போட்டுவிடட்டுமா? மகளிடம் என்ன சொல்வது?

தளிர்மனம் எழுதியது:

நீங்கள் எழுதியதைப் படித்து நிம்மதியாக இருந்தது. இதோடு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது முதல் பேச்சு. இன்னும் பலமுறை, பல நேரம் ஐந்து நிமிடம் மட்டுமே, பேச வேண்டியிருக்கும். நடுவில் மறுபடி சறுக்கலாம். அப்போதும் "எல்லாம் வீண்" என்று சொல்லாமல், இன்று பேசியது போலவே பேசுங்கள்.

சில வாரங்களாகப் போடுகிறான் என்பதால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். மருத்துவரிடம் சிறிது நேரம் அவன் தனியாகப் பேச விடுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத விஷயங்களை அவர் உங்களிடம் சொல்லமாட்டார். அது உங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும், அந்த உறுதி இருந்தால்தான் அவன் உண்மையைச் சொல்வான். தனியாக இருக்கும்போது எடுக்கிறானா, மனதை லேசாக்க எடுக்கிறானா, எடுத்த பிறகு நடந்தது மறந்துபோகிறதா, போதையில் இருப்பவர் ஓட்டிய வண்டியில் ஏறியிருக்கிறானா, குறைத்துக்கொள் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, இதனால் சிக்கலில் மாட்டியிருக்கிறானா என்றெல்லாம் கேட்பார். இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்று வந்தால் இன்னும் ஆழமான பரிசோதனைக்கு அனுப்புவார். தேர்வு பயமும் தூக்கமும் தனியாகப் பார்க்கப்பட வேண்டியவை, அவற்றைச் சொல்லாமல் வந்துவிடாதீர்கள். அதைச் சரி செய்யாமல் மாத்திரையை மட்டும் நிறுத்தினால் வேறொன்றைத் தேடுவான்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள், அவள் வயதுக்கு ஏற்ப. அண்ணன் உடம்புக்கு ஆகாத ஒன்றைச் சாப்பிட்டு ஆபத்தில் இருந்தான், மருத்துவரிடம் போகிறோம், வெளியே சொல்ல வேண்டாம், பயமாக இருந்தால் எங்களிடம் கேள். பார்த்துவிட்டாள், இனி அவள் கேள்விகளை நீங்கள்தான் சந்திக்க வேண்டும். அண்ணனைக் கண்காணிக்கும் வேலையை மட்டும் அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இரவுப்பணி எழுதியது:

அட்டையைப் போடாதீர்கள் அக்கா, மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுவரை பூட்டி வையுங்கள். தினமும் எடுத்துப் பழகியிருந்தால் சட்டென்று நிறுத்துவது சில மருந்துகளில் சிரமம் கொடுக்கும். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, தினசரி மது இவற்றில் வலிப்புகூட வரும். உங்கள் மகன் எடுத்தது அந்த வகையில்லை, தினம் தவறாமலும் இல்லை. ஆனாலும் மருத்துவர் சொன்ன பிறகு முடிவு செய்யுங்கள். வியர்வை, உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வந்தால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ஒன்று விட்டுப்போகக் கூடாது. கொஞ்ச நாள் விட்டுவிட்டு மறுபடி பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, அதை மருத்துவர் முன்னால் அவனிடமே சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "சாகலாம் போல இருக்கு" என்று பேச்சுவாக்கில் சொன்னாலும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றே மருத்துவ உதவி தேடுங்கள்.

பொன்வேல் எழுதியது:

நான் இன்னும் கண்டிப்பு வேண்டும் என்ற கட்சிதான். மீண்டவன் தம்பியிடம் ஒரு கேள்வி. என் இளையவன் 17. குடிக்கிறானா என்று தெரியாது. கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மீண்டவன் எழுதியது:

சார், கேள்வியில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், விளையாட்டோ வண்டியோ எதுவானாலும். அந்த நேரத்தில் அறிவுரை வேண்டாம். சில வாரம் அப்படிப் போகட்டும். அப்புறம் ஒரு நாள் அவன் வயதில் வேறு யாரையாவது பற்றி, "அந்தப் பையன் செய்ததைப் பற்றி நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். தன்னைப் பற்றிச் சொல்லாதவன் மற்றவனைப் பற்றிச் சொல்வான், அதில் அவனும் கொஞ்சம் இருப்பான். சொன்னதும் உடனே திருத்தாதீர்கள்.

பொன்வேல் எழுதியது:

சரி தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவன் பந்து விளையாடப் போவான். நானும் போகிறேன்.